சத்தம் எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் ஆமத்தூர். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பிறந்த பெண்களுக்குக் காது கொஞ்சம் கூர்மை. தூரத்தில் 'டம்' என்று கேட்டால் கல்குவாரி வெடியா, புதுச் சரக்கைப் போட்டுப் பார்க்கிறார்களா, அல்லது எங்கேயாவது ஆபத்தா என்று சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லுவோம். அடுப்பில் இருக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடி, கரும்புகை எந்தப் பக்கம் எழும்புகிறது என்று பார்ப்போம். மேற்கே எழும்பினால் ஒருத்திக்கு வயிற்றைக் கலக்கும், தெற்கே எழும்பினால் இன்னொருத்திக்கு. ஏனென்றால் அவரவர் வீட்டு ஆள் அங்கேதானே வேலைக்குப் போயிருக்கும்!

இப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, என் சொந்தக் காரின் அடியில் ஒரு வருஷமாகக் கேட்ட சத்தத்தை நான் சட்டை செய்யாமல் இருந்தேன் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள் சகோதரிகளே. மாருதி 800. 2008-ம் வருஷத்து வண்டி. இரண்டு வருஷம் ஒருவர் ஓட்டி, பிறகு என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்றால் இதுதான். 1983 டிசம்பர் 14-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் முதல் மாருதியின் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்து என் அப்பா, "இது காரா, தீப்பெட்டியா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. தீப்பெட்டி ஊர்க்காரர் வேறு எப்படிக் கேட்பார்! 2014-ல் அந்த 800-ஐச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

2022 டிசம்பரில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கடவுள் புண்ணியத்தில் பேச்சு போகவில்லை. இடது கையும் இடது காலும்தான் சொன்னபடி கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் விருதுநகருக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ் படியில் அவரை ஏற்ற முடியாது. ஆட்டோவில் வைத்துக் கூட்டிப் போனால் குலுக்கலில் சரிந்துவிடுகிறார். வாசலில் கார் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை.

என்ன செய்வது? ஐம்பத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டு, கிளட்சை எப்படி மெதுவாக விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது வருஷமாகத் தையல் மெஷினைக் காலால் மிதித்தவளுக்கு அது ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. லைசென்ஸும் கிடைத்தது.

ஆனால், முதல் நாளே ஆரம்பித்துவிட்டது சண்டை.

"ஏ, பள்ளத்தைப் பாத்துப் போ... இடுப்பு போகுது."

"பாத்துத்தான் போறேன்."

"எங்க பாக்குற? ஒவ்வொரு பள்ளமா எண்ணி எண்ணி விடுற."

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். போய்ச் சேருவதற்குள் இரண்டு பேருக்கும் மூஞ்சி தூக்கிக்கொள்ளும். வேகத்தடை வந்தால், "ம்மா" என்று முனகுவார். எனக்கோ கோபம் கோபமாக வரும். வலிப்பக்கத்தை விட்டுவிட்டு இவர் என் ஓட்டுகிற லட்சணத்தைத்தானே குறை சொல்கிறார் என்று மனசுக்குள் பொருமுவேன். இருபது வருஷம் வண்டி ஓட்டியவர், பெண்டாட்டி ஸ்டியரிங்கைப் பிடிப்பதைப் பொறுக்க மாட்டாமல் வலியைப் பெரிசு பண்ணுகிறார் என்று ஒரு எண்ணம். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

"சத்தம் கேக்குது பாரு, டொக்கு டொக்குன்னு" என்பார். நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் லேசாகத்தான் கேட்கும். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

கொஞ்ச நாளில் 'டொக்'கோடு 'கீச்'சும் சேர்ந்துகொண்டது. கதவுக் கீல் மாதிரி ஒரு கீச்சல். இதற்கு மட்டும் எனக்கு வைத்தியம் தெரியும் என்று நினைத்தேன். தையல் மெஷின் எண்ணெய் டப்பாவை எடுத்துப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்துப் படுத்து, முன் சக்கரத்துக்கு உள்பக்கம் எங்கெங்கே ரப்பரும் இரும்பும் சேர்கிறதோ அங்கெல்லாம் தாராளமாக விட்டேன். இரண்டு நாள் கீச்சல் இல்லை! "எப்படி என் வைத்தியம்?" என்று அவரிடம் பெருமையடித்துக் கொண்டேன். இந்த எண்ணெய்ச் சமாசாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்ல விரும்பவில்லை. அந்தத் தம்பி வண்டியின் மூலையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஷாக் அப்சார்பர் போச்சு மேடம்" என்றான். இரண்டையும் மாற்றினான். ஐயாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. நாலு பிளவுஸ், இரண்டு சுடிதார் என்று தைத்துத் தைத்துச் சேர்த்த பணம். திரும்பி வரும்போது சூலக்கரைப் பக்கம் முதல் பள்ளத்திலேயே 'டொக்' என்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

சென்னையில் இருக்கிற மகன் போனில், "தூக்கிப் போடுங்கம்மா அந்த வண்டிய. பதினஞ்சு வருஷம் ஆச்சு. புதுசு ஒண்ணு லோன்ல எடுத்துத் தர்றேன்" என்றான். 2023-ல்தான் பதினைந்து வருஷம் முடிந்து, எஃப்.சி. காட்டி, இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. புதுப்பித்திருந்தோம். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அந்த வண்டியை விற்க இவருக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாற்பது பேர் வரை உயிர்விட்டார்கள். அன்று மத்தியானம் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அழுகைச் சத்தம். இவர் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போய், அந்த வீட்டுப் பெண்களை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனார். ராத்திரி மறுபடி மதுரைக்கு. திரும்பி வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு எது என்றாலும், ராத்திரி எந்நேரமும், "அண்ணாச்சி வீட்டு வண்டி இருக்கு" என்று வந்து கதவைத் தட்டுவார்கள். இப்போது 108 வருகிறதுதான். இருந்தாலும் பிரசவ வலி எடுத்தவளுக்கு வாசலில் நிற்கிற வண்டிதானே முதல் தைரியம்?

இப்படியே போயிருக்கும். 2024 தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு காரியம் நடந்தது. தீபாவளி நேரத்தில் எங்கள் ரோடு எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பட்டாசு வாங்க வருகிற கார்களும் லோடு வண்டிகளும் வரிசையாக நிற்கும். எதிரே ஒரு லாரி. என் முன்னால் ஒரு ஸ்கூல் வேன் திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. இடது பக்கம் வெடுக்கென்று இழுத்து, ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. என் கைதான் ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் அன்று ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தீபாவளி முடிந்தால் ஆலைகளுக்குச் சில வாரம் விடுமுறை. லோடு வண்டிகள் ஓய்ந்துவிடும். பட்டறைக்காரர்களுக்கும் கை ஒழியும். திருத்தங்கல் போகிற வழியில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். எழுபது வயதை நெருங்குபவர். அம்பாசடர் காலத்து ஆள். எங்கள் பக்கத்தில் மரியாதைப்பட்ட ஆண்பிள்ளை எல்லாருமே 'அண்ணாச்சி'தான், அவரையும் அப்படியே கூப்பிடுவோம். அவரிடம் கொண்டு போய் நிறுத்தினேன்.

அவர் வண்டியை அமுக்கவில்லை, ஆட்டவில்லை. "தாயி, நீங்க மெதுவா ஓட்டிட்டு வந்து, நான் சொல்லும்போது பிரேக்கப் போடுங்க" என்றார். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன் சக்கரத்தையே பார்த்தார். நான் பிரேக் போட்டேன். "இன்னொருக்கா." மறுபடி போட்டேன். பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு, பையனை ஓட்டச் சொல்லி, என்னையே பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். "அந்தச் சக்கரத்த மட்டும் பாருங்க."

பார்த்தேன். பிரேக் போட்டதும் இடது சக்கரம், இருக்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் பின்னால் போய், பிறகு முன்னால் வந்தது. ஆடுகிற பல் மாதிரி! வலது சக்கரமும் ஆடியது, ஆனால் அத்தனை இல்லை.

"புஷ்ஷு போச்சு" என்றார். அவ்வளவுதான் அவருடைய நோய்க் குறிப்பு.

புஷ் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரியும். சக்கரத்தைத் தாங்குவதற்கு அடியில் ஒரு இரும்புக் கை இருக்கிறது, லோயர் ஆர்ம் என்கிறார்கள். பள்ளம் மேடு வரும்போது அது மேலும் கீழும் அசைய வேண்டும். வண்டியின் உடம்போடு அது சேருகிற இடத்தில் இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க, நடுவிலே தடித்த ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள். அதுதான் புஷ். உள்ளே ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். இதுபோக, இந்த வண்டியில் முன்பக்கம் குறுக்கே வளைந்து ஓடுகிற ஒரு கம்பி இருக்கிறது. ஸ்டெபிலைசர் கம்பி. இரண்டு ஆர்மையும் பிடித்துக்கொண்டு, சக்கரம் முன்னே பின்னே போகாமல் பார்த்துக்கொள்வதும் அந்தக் கம்பிதான். அதன் முனைகளிலும் ரப்பர், அதை வண்டியோடு கட்டியிருக்கிற கிளாம்பிலும் ரப்பர். முழங்கால் எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு இருக்கிறது என்று டாக்டர்கள் படம் போட்டுக் காட்டுவார்களே, அதே மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எனக்கு முழங்கால் வலி உண்டாகையால் சட்டென்று புரிந்துவிட்டது.

கடப்பாரை மாதிரி ஒரு கம்பியை உள்ளே விட்டு நெம்பிக் காட்டினார். ஆர்ம் கடகடவென்று ஆடியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ரப்பர் முழுவதும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கரிசல் காட்டில் நடந்து நடந்து பித்தவெடிப்பு வந்த குதிகால் எப்படி இருக்கும், அப்படி.

"ஏன் அண்ணாச்சி, இடது பக்கம் மட்டும் இவ்வளவு மோசம்?"

"நம்ம ரோட்ட நீங்க பாத்ததில்லையா தாயி? கரிசல் மண்ணு. மழை பெஞ்சா ஊதும், வெயிலடிச்சா வெடிக்கும். மேல தார் போட்டா அதும் அலை அலையாத்தான் நிக்கும். ஓரம் பூரா பேந்து போகுது. எதிர்ல லாரி வந்தா இடது சக்கரத்த எங்க எறக்குவீக? அந்த ஓரத்துலதான். வலது சக்கரம் நல்ல ரோட்டுல போகும், இடது சக்கரம் அடி வாங்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இடது பக்க முன் சீட்டில்தானே இவர் உட்காருகிறார்! சத்தம் அவர் காலடியில். அதிர்ச்சி அவர் இடுப்பில். அதுவும் வலுவில்லாத இடது பக்கம். வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் கால்வாசிகூடத் தெரிந்திருக்காது. திரும்பிப் பார்த்தேன். பட்டறை வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். ஆனால் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி ரப்பரை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார். "இதுல எண்ணெய் யாரு விட்டது?"

நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்காரர் மரத்தடியிலிருந்து, "டாக்டரம்மாதான்" என்றார். நல்ல வேளை, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ரப்பருக்கு எண்ணெய் ஆகாதாம். இரும்புக்கு இரும்பு உரசினால்தான் எண்ணெய். ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, இளகி, சீக்கிரம் பிய்ந்து போகும். கீச்சலை நிறுத்துகிறேன் என்று நான் செய்த வைத்தியம், ஏற்கெனவே பாதி போன புஷ்ஷை முழுசாகக் கொன்றுவிட்டது. நம் வீடுகளில் குக்கர் கேஸ்கெட்டுக்கு எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் காருக்குக் கீழே யாரும் படுத்துவிட வேண்டாம்.

சாமான் வாங்கி வரப் பையன் சிவகாசிக்குப் போன நேரத்தில் அண்ணாச்சி ரப்பரைப் பற்றிச் சொன்னார். அவர் நாகர்கோவில் பக்கம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அங்கே ரப்பர் தோட்டங்கள் அதிகம். மரத்தில் வடிகிற பால் அப்படியே இருந்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடு காட்டினால்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி ஆகிற பக்குவம் வரும். இதைச் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839-ல் கண்டுபிடித்தார் என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் கந்தகம் என்றால் எங்களுக்கு மருந்து அறைதானே ஞாபகம் வரும்! வெடியில் அதிர வைக்கிற அதே சாமான், ரப்பரில் அதிர்ச்சியைத் தாங்கவும் உதவுகிறது. இந்தக் கந்தக பூமியில் ஐம்பத்து நாலு வருஷம் வாழ்ந்தும் அது எனக்குத் தெரியாமல் போனது.

சாமான் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் புஷ், ஸ்டெபிலைசர் ரப்பர் எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது ரூபாய். ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்த ஐயாயிரத்தை நினைத்து வயிறு எரிந்தது. "வலது பக்கம் அவ்வளவு மோசமில்லையே, பிறகு பாக்கலாமா?" என்று கேட்டேன். செருப்பில் ஒன்று மட்டும் புதுசாகப் போட்டுக்கொண்டு நடப்பீர்களா என்று கேட்டார். சரி என்றேன்.

வேலையை ஆரம்பிக்கும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதையைப் பார்த்து அசந்துவிட்டேன். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டை லேசாகத் தளர்த்தினார். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். ஜாக்கியை வைத்துத் தூக்கி, தடித்த ஸ்டாண்டில் உட்கார வைத்தார். கழற்றிய சக்கரத்தையும் வீணாக ஓரத்தில் சாய்க்காமல், வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார். ஒருவேளை ஸ்டாண்டு நழுவினால் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல் விழும், மனுஷன் மேல் விழாது. "ஜாக்கிய நம்பி உள்ள தலைய விடுறவன் முட்டாப் பய" என்று பையனிடம் சொன்னார். ஒரு சின்னத் தவறில் உயிர் போகிற ஊரில் பிறந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள், இருக்க வேண்டும்.

துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருந்தார், ரப்பர் எப்படியும் போகப் போகிறது என்பதால். ஸ்பிளிட் பின்னை இழுத்து, நட்டைக் கழற்றி, ஆர்மை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதை வைஸில் வைத்து, ஒரு பக்கம் சின்னக் குழாய், ஒரு பக்கம் பெரிய குழாய் கொடுத்து இறுக்க இறுக்க, பழைய புஷ் பெரிய குழாய்க்குள் நழுவி வந்தது. சுத்தியலால் ஒரு அடிகூட அடிக்கவில்லை. புதுசை உள்ளே தள்ள, "துணி சோப்பு இருந்தாக் கரைச்சு எடுத்தா" என்றார் பையனிடம். சோப்புத் தண்ணீர் வழுக்கிக் கொடுக்கும், காய்ந்தால் போய்விடும், ரப்பருக்கும் கெடுதல் இல்லை. வளையல் போடுகிறவர் கைக்குச் சோப்புத் தடவுகிறதில்லையா, அந்த மாதிரி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. பையன் நீட்டமான ஸ்பேனரைப் போட்டுக் கடைசி இறுக்கு இறுக்கப் போனான். அண்ணாச்சி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்!

"ஏலே, விடுறா! வண்டி தரையில உக்காரட்டும்."

எனக்குப் புரியவில்லை. அவரே என் தோளில் கிடந்த துண்டை வாங்கி விளக்கினார். வண்டியைத் தூக்கியிருக்கும்போது சக்கரமும் ஆர்மும் கீழே தொங்குகின்றன. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிறகு வண்டியை இறக்கினால் பாரம் ஏறி ஆர்ம் மேலே வரும். ரப்பர் முறுக்கிக்கொள்ளும், பிழிந்த துண்டு மாதிரி. ரோட்டில் போகாமல் சும்மா நிறுத்தியிருந்தால்கூட அது பிழிந்தபடியேதான் இருக்கும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். "புஷ்ஷு மட்டம்னு கடைக்காரன வைவாங்க. இறுக்குன நேரம் தப்புன்னு தெரியாது." ஆகையால் கையால் லேசாகத் திருகி வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னே பின்னே உருட்டி, எப்போதும் வண்டியில் யார் உட்காருவார்களோ அவர்களை உட்கார வைத்து, அப்புறம் இறுக்க வேண்டுமாம். உங்கள் வீட்டு வண்டிக்கு இந்த வேலை நடந்தால் இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "தரையில வச்சுத்தானே இறுக்குனீங்க?" பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பட்டறையில் குழி ஒன்று இருந்தது. வண்டியை அதன் மேல் கொண்டு வந்து நிறுத்தி, "ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. நான் சொல்லுற வரைக்கும் அசையக் கூடாது" என்றார். பையன் இவரைத் தாங்கி இடது பக்கம் உட்கார வைத்தான். நான் வலது பக்கம் உட்கார்ந்தேன். அண்ணாச்சி டார்ச்சோடு குழிக்குள் இறங்கிவிட்டார்.

வண்டி ஓடவில்லை. ரோடு இல்லை, பள்ளம் இல்லை. எங்களுக்குச் சண்டை போட ஒன்றுமே இல்லை. அடியில் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. இப்படிச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்தான் முதலில் பேசினார். "அந்தச் சத்தம் உனக்குக் கேக்கவே இல்லையா?"

"லேசாக் கேட்டுச்சு" என்றேன். பிறகு எப்படியோ வாயில் வந்துவிட்டது. "நீங்க வலியப் பெரிசாப் பேசுறதா நெனச்சுட்டேங்க."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் உன் கையிலதான் கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். நல்ல கையால் என் பக்கம் கியர் கம்பியைத் தொட்டார். கியர் போடுவதற்கில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு அந்தப் பிள்ளை... நீ நல்லாத்தான் பிடிச்ச. வேற ஆளுன்னா விட்டுருப்பான்."

எனக்குக் கண் கரித்தது. முந்தானையை எடுக்கத் திரும்பினேன்.

"அசையாதீங்கன்னா!" என்று அடியிலிருந்து அண்ணாச்சி கத்தினார்.

கூலி தொள்ளாயிரம் வாங்கினார். அதுவும் நான் இரண்டு முறை கேட்ட பிறகு. "இதோட முடிஞ்சதுன்னு நெனைக்காதீக. நேரா வீல் அலைன்மெண்டுக்கு விடுங்க. புஷ்ஷு மாத்துனா சக்கரத்தோட கோணம் மாறிருக்கும்" என்று சொல்லி, இடது டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். உள் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. இத்தனை நாள் அது என் கண்ணிலும் பட்டதில்லை, ஷாக் அப்சார்பர் மாற்றிய தம்பி கண்ணிலும் பட்டதில்லை. மறுநாள் விருதுநகரில் அலைன்மெண்ட் பார்த்தோம். டயரை அடுத்த மாதம் தையல் காசில் மாற்றினேன். பழைய புஷ்ஷில் ஒன்றை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி வந்தேன். மெஷின் டிராயரில், பாபின்களோடு கிடக்கிறது.

பிசியோதெரபி டாக்டரிடம் அவருடைய இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னபோது, இந்த மாதிரி உடம்புக்கு அடிக்கடி குலுங்குவது ஆகாது என்றும், காரில் இடது பக்கம் சரியாமல் ஒரு சின்னத் தலையணை வைக்கும்படியும் சொன்னார்கள். பழைய புடவையில் பஞ்சடைத்து ஒன்று தைத்தேன். வலி முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வயது அறுபத்தொன்று, நடந்தது பக்கவாதம். ஆனால், வேகத்தடைக்கு முன்னால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாரே, அது நின்றுவிட்டது.

அலைன்மெண்ட் முடித்து ஊருக்குத் திரும்பிய சாயங்காலம் லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே லாரி வந்தது. இடது சக்கரத்தை ஓரத்தில் இறக்கி ஏற்றினேன். 'டொக்' இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அடுத்த பள்ளம். அதிலும் இல்லை. ஆமத்தூர் விலக்கு நெருங்குகிற சமயத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்து. ஏதோ டப்பா சத்தம் கேக்குது."

எனக்கும் கேட்டது. கலகல, கலகல என்று ஒரு சன்னமான சத்தம். இவ்வளவு நாளும் பெரிய சத்தத்துக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, சீட்டுக்கு அடியில் தேடினேன், கதவை ஆட்டிப் பார்த்தேன். கடைசியில் டாஷ்போர்டைத் திறந்தால், அவருடைய ரத்த அழுத்த மாத்திரை டப்பா! அதை எடுத்து என் கைப்பைக்குள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

"இப்பப் போ" என்றார்.